ஜாப் கார்டை எப்போது வெளியே விடுவது?

ஜாப் கார்டு என்பது ஒவ்வொரு ஆர்டரோடும் மெஷின் மெஷினாகப் போகும் வேலைச் சீட்டு; அதை விட்டால்தான் வேலை தொடங்கும். ஆர்டர் வந்த அன்றே ஸ்டீல் பாரை (கம்பியை) வெட்டிவிட்டால் சீக்கிரம் முடியும் என்பதுதான் எங்கள் ஷாஃப்ட் ஒர்க்‌ஷாப்பில் இருந்த பழக்கம். உண்மையில் தாமதத்துக்கே அதுதான் காரணம்.

தரையில் 90 கார்டு. கடைசியில் இருக்கும் கிரைண்டிங் மெஷின் ஒரு நாளைக்கு 6 கார்டுதான் தள்ளும். 90-ஐ 6-ஆல் வகுத்தால் 15 நாள். இன்று வெட்டும் பார் அத்தனை நாள் கிடக்கத்தான் செய்யும். அதற்கு முந்தைய டர்னிங்கில் (கடைசலில்) இன்னொரு சிஎன்சி மெஷின் போட்டிருந்தாலும் குவியல்தான் கூடியிருக்கும்.

புது கார்டு விடுவதை நிறுத்தி, மொத்தத்தை 36-க்கு இறக்கினோம். ஹார்டனிங்குக்கு (சூடாக்கிக் கடினமாக்க) வெளியே போனதும் இதில் அடக்கம். அதன்பின் கிரைண்டிங்கில் ஒன்று முடிந்தால்தான் ஸ்டோரிலிருந்து ஒன்று வெளியே வரும். காத்திருப்பு 6 நாளானது. ஹார்டனிங் லோடு தள்ளிப்போனால் சமாளிக்க 3 நாள் கூடுதல். 28-ம் தேதி டெலிவரி, நடுவில் ஒரு ஞாயிறு என்றால் 18-ம் தேதி கார்டு விட வேண்டும். அதற்கு முன் விடக்கூடாது.

பார், டிராயிங், கேஜ் (அளவு சரிபார்க்கும் கருவி) மூன்றும் கையில் இல்லாமல் கார்டு விட்டால் அது பாதியில் நின்று இடத்தை அடைக்கும். 50 ஷாஃப்ட்டுக்கு 52 வெட்டுங்கள். ரிஜெக்‌ஷன் ஆன 2-க்காக மறுபடி கார்டு போடுவது பெரிய தலைவலி.

ஒரே சைஸ் என்று அடுத்த மாத ஆர்டரையும் சேர்த்து வெட்ட சூப்பர்வைசருக்குக் கை அரிக்கும். மிச்சமாவது அரைமணி நேர மெஷின் செட்டிங்தான். கிரைண்டிங் வரிசையில் அவசர வேலை பின்னுக்குப் போய்விடும். அதற்காக கிரைண்டர் முன்னால் காலியாகவும் விடக்கூடாது, எப்போதும் 12 கார்டு இருக்கட்டும்.