கேம் மாற்றினால் டேப்பட்டையும் மாற்றுங்கள்: காஸ்ட் அயர்ன் புல்லட்காரர்களுக்கு

புது கேம் வாங்கிவிட்டேன், டேப்பட் நன்றாகத்தான் இருக்கிறது, அதையே போட்டுக்கொள்ளலாமா என்று கேட்காத புல்லட்காரர் வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை கிடையாது. போடாதீர்கள். கேம் என்பது சுழன்று வால்வைத் திறக்கவைக்கும் மூக்குள்ள துண்டு, அதன் மேல் உட்கார்ந்து புஷ்ராட் என்ற நீளக் கம்பியை மேலே தள்ளுவது டேப்பட். டேப்பட்டின் அடிப்பாகம் இத்தனை வருடம் பழைய கேமோடு உரசி உரசி அதற்கு ஏற்றபடி தேய்ந்திருக்கும். புது கேமில் அதை வைத்தால் முழுப் பரப்பும் படியாமல் ஓரிடத்தில் மட்டும் அழுத்தும், அந்த இடத்தில் ஆயில் படலம் கிழிந்து கேமின் மூக்கு சீக்கிரமே தேயும். கேமுக்குக் கொடுத்த காசோடு ஒப்பிட்டால் டேப்பட் ஜோடியின் விலை பெரிய விஷயமே இல்லை.

இங்கே சொல்வதெல்லாம் திருவொற்றியூர் பேக்டரியில் 1950-களின் நடுவிலிருந்து வந்த பழைய காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு சிலிண்டர்) குடும்பத்துக்கு, அதாவது 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சிசி இன்ஜினுக்கு. 2008-இல் வந்த யுசிஇ (இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒன்றாக உள்ள) இன்ஜினில் சாதா டேப்பட்டுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் தானே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர், அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். 2020 மீட்டியாரோடு வந்த ஜே சீரிஸில் கேம் மேலே ஹெட்டிலேயே இருக்கிறது, புஷ்ராடே கிடையாது, அந்த வண்டிக்காரர்கள் இதைப் படித்துக் குழம்ப வேண்டாம்.

கேம் தேர்வு பற்றி ஒரு வார்த்தை. இது 18 குதிரைத்திறன் கொடுக்கும் நீள ஸ்ட்ரோக் இன்ஜின், அதன் அழகே கீழ் ஆர்பிஎம் இழுவைதான். ரேஸ் கேம் போட்டால் மூலக்கொத்தளம் சிக்னலில் ஐடிலிங் நிற்காது, டிராஃபிக்கில் கிளட்சைப் பிடித்துப் பிடித்தே கை போய்விடும். கொஞ்சம் கூடுதல் லிஃப்ட் (வால்வைத் தூக்கும் அளவு) உள்ள மைல்டு கேம் போதும். பழைய கேமையே கிரைண்ட் பண்ணி வாங்குகிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: கிரைண்ட் பண்ணும்போது கேமின் அடி வட்டம் (மூக்கு இல்லாத வட்டப் பகுதி) சிறுத்துவிடும், அதனால் டேப்பட் கீழே இறங்கி உட்காரும், அந்த இடைவெளியை டேப்பட்டின் மேல்முனையில் உள்ள அட்ஜஸ்டரைத் தூக்கித்தான் நிரப்ப வேண்டும், அப்படித் தூக்கிய பிறகு திரெட்டில் போதுமான பிடிப்பு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்காமல் கவரை மூடாதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். ஆயிலை வடித்துவிட்டு டேங்க், சைலன்சர் பைப், வலது பக்க ஃபுட்ரெஸ்ட்டை எடுங்கள். ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, டாப் கியரில் பின் வீலைச் சுற்றி, இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலைக்குக் கொண்டுவந்த பிறகே, ஹெட்டில் வால்வை அழுத்தும் ராக்கரைத் தொடுங்கள். ராக்கர் நட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, மாற்றி மாற்றித் தளர்த்த வேண்டும், ஒரு பக்கமாக இழுத்தால் பிளாக் உடையும். புஷ்ராட் இரண்டையும் எடுக்கும்போதே எது இன்லெட், எது எக்சாஸ்ட் என்று டேப் ஒட்டிவிடுங்கள்.

டைமிங் கவர் ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. ஒரு அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, ஓட்டை போட்டு, அந்தந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். கவர் வந்ததும் கியர்களில் உள்ள புள்ளி மார்க்குகள் ஒன்றுக்கொன்று நேராக வரும்வரை சுற்றிப் போட்டோ எடுத்துக்கொண்டு, மார்க்கின் மேல் நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வையுங்கள். கேம்கள் வெளிப்பக்கமாக உருவிக்கொண்டு வரும், வாஷர் ஏதாவது ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று பாருங்கள். கிராங்க் முனையில் இருக்கும் பினியனைத் தொட வேண்டிய வேலையே இல்லை. ஏதோ காரணத்துக்காகத் தொட்டே தீர வேண்டும் என்றால், அதைப் பிடித்திருக்கும் வார்ம் நட் இடது திரெட், வழக்கமான பக்கம் திருப்பினால் இறுகும்.

கேம் போனதும் மேலே அட்ஜஸ்டர் கப்பையும் லாக் நட்டையும் கழற்றினால் டேப்பட் கீழ்ப்பக்கமாக இறங்க வேண்டும், அடிப்பாகம் அது ஏறி இறங்கும் கைடைவிட அகலம், அதனால் மேலே இழுத்து எடுக்க முடியாது. சிக்கினால் சுத்தியலை எடுக்காதீர்கள், தண்டின் விளிம்பில் பிசிறு இருக்கும், நைசான எண்ணெய்க் கல்லால் தேய்த்துவிட்டுப் பாருங்கள்.

வெளியே வந்த பழைய டேப்பட்டைத் துடைத்து டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடியுங்கள். அடியில் அம்மைத் தழும்பு போல் பொடிப் பொடிக் குழிகள் தெரியலாம், நகத்தை ஓட்டினால் தட்டும். ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பை அதன் மேல் வைத்துப் பார்த்தால் நடுவில் ஒரு கோடு வெளிச்சம் தெரியும், அவ்வளவும் தேய்ந்துபோன இரும்பு. ஒட்டினாற்போல் கேமைப் பார்த்தால் அங்கேயும் ஜோடித் தழும்பு இருக்கும்.

புது டேப்பட்டை எண்ணெயில் முக்கிக் கைடில் விட்டால் மெதுவாக வழுக்கி இறங்க வேண்டும். தொப்பென்று விழுந்தாலோ, பக்கவாட்டில் ஆட்டினால் ஆடினாலோ கைடு தேய்ந்திருக்கிறது. கைடு பிரெஸ் ஃபிட், கேஸைச் சூடாக்கி எடுக்க வேண்டும், அதை லேத் கடைக்கு விடுங்கள். இன்னொன்று, காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடல் காற்று சும்மா விடாது. துடைத்துக் காயவைத்த புது டேப்பட்டை ராத்திரி மேசையில் விட்டால் காலையில் துருவின் நிறம் தட்டியிருக்கும், பளபளப்பான அந்தப் பரப்பில் அது வந்தால் வந்ததுதான். மாட்டும் நிமிடம் வரை ஆயிலிலேயே ஊறட்டும்.

மாட்டும்போது கேமின் மூக்கிலும் டேப்பட்டின் அடியிலும் மாலி (மாலிப்டினம்) கலந்த அசெம்பிளி பேஸ்ட் தாராளமாக, தண்டுக்கு வெறும் இன்ஜின் ஆயில். மார்க்குகளை நேராக்கி, கவரை மூடுவதற்கு முன் பின் வீலைப் பல சுற்று கையால் சுற்றுங்கள், எங்கேயாவது முட்டினால் அங்கேயே நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள். லிஃப்ட் கூடியிருப்பதால் வால்வு முழுதாகத் திறந்த நிலையில் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடாமல் இடைவெளி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அட்ஜஸ்ட்மென்ட் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது. ஸ்டாண்டர்ட் கேமுக்கு எல்லோருக்கும் தெரிந்த முறை: கம்ப்ரஷன் டாப்பில் வைத்து, புஷ்ராட் விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. புது கேமோடு வேறு கிளியரன்ஸ் அளவு கொடுத்திருந்தால் அதுதான் கணக்கு. நீண்ட நேரம் வால்வைத் திறந்து வைக்கும் கேமாக இருந்தால் டாப்பை மட்டும் நம்பாமல், எக்சாஸ்ட் திறக்கத் தொடங்கும்போது இன்லெட்டையும், இன்லெட் மூடி முடிக்கப் போகும்போது எக்சாஸ்ட்டையும் அட்ஜஸ்ட் பண்ணுங்கள், அப்போதுதான் டேப்பட் நிச்சயமாகக் கேமின் அடி வட்டத்தில் நிற்கும். சத்தம் பிடிக்காமல் இறுக்கி வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. லேசான டக் டக் வண்டியைக் கொல்லாது, இறுக்கி வைத்தால் வால்வு எரியும்.

இனி முதல் ஸ்டார்ட், இந்த வேலையிலேயே முக்கியமான சில நிமிடங்கள். பாயின்ட், கார்பரேட்டர், பெட்ரோல் எல்லாம் முன்பே சரிபார்த்து வையுங்கள், உதைத்து உதைத்துப் பார்த்தால் பேஸ்ட் எல்லாம் வழிந்துவிடும். பிடித்ததும் ஐடிலில் விடாதீர்கள், மெதுவாக ஓடும்போதுதான் கேமுக்கும் டேப்பட்டுக்கும் நடுவில் அழுத்தம் அதிகம், ஆயில் வீச்சு குறைவு. 2000 ஆர்பிஎம் அளவில் ஏற்றி இறக்கிக்கொண்டே இருங்கள். ஆனால் இது காற்றில் ஆறும் இன்ஜின், நின்ற இடத்திலேயே ரொம்ப நேரம் ஓட்டினால் கொதித்துவிடும், முன்னால் பெடஸ்டல் ஃபேன் வைக்கலாம் அல்லது சீக்கிரமே ரோட்டுக்கு எடுக்கலாம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கண்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவே இந்தச் சோதனை வேண்டாம், விடிகாலையில் காலியான ரோடாகப் பாருங்கள்.

ஆயில் 20டபிள்யூ50. இந்த இன்ஜினில் கிளட்ச் தனி பிரைமரி கேஸில் இருப்பதால் தேய்மானத்தைத் தடுக்கும் ஜிங்க் அதிகமுள்ள ஆயிலை ஊற்றினாலும் கிளட்ச் வழுக்குமோ என்ற பயம் இல்லை, யுசிஇ-யில் கிளட்சும் அதே ஆயிலில்தான் ஓடுகிறது, அங்கே கிளட்சுக்கு ஏற்ற ஆயிலாகப் பாருங்கள்.

யுசிஇ-க்கு லிஃப்டர் மாற்றுபவர்கள் அதை ஆயிலில் ஊறவைத்து மாட்டுங்கள், மாட்டியவுடன் கிக் அடிக்காமல் லிஃப்டர் அமுங்கி இறங்க நேரம் கொடுங்கள், இல்லாவிட்டால் வால்வு மூடாமல் தூக்கியே நிற்கும். முதலில் வரும் கடகட சத்தம் ஆயில் ஏறியதும் அடங்க வேண்டும்.

100 கிலோமீட்டருக்குள் முதல் ஆயிலை ஒரு வெள்ளைத் துணி வழியே வடித்து, காந்தத்தை விட்டுப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை வந்தால் அது பேஸ்டும் பொடித் தேய்மானமும், கவலை இல்லை. விரலில் குத்தும் மினுமினுப்பான துகள் வந்தால் வண்டியை எடுக்காமல் டைமிங் கவரைத் திறங்கள். ஃபில்டரையும் மாற்றிவிட்டு, மறுநாள் குளிர்ந்த இன்ஜினில் டேப்பட்டை இன்னொரு முறை அட்ஜஸ்ட் பண்ணுங்கள்.