டாட் காமா, டாட் ஆர்க்கா? முகவரியின் வாலைப் பாருங்கள்

ஒரு தளம் விற்க வந்ததா, தகவல் சொல்ல வந்ததா என்று சட்டென்று கணிக்க, முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக இருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். தேடும்போதே வடிகட்டவும் செய்யலாம்: கூகுளில் தேடுசொல்லுக்குப் பிறகு ஆங்கிலத்தில் சைட் என்று அடித்து, இடைவெளி விடாமல் கோலனும் எடுவும் சேர்த்தால் (site:edu) டாட் எடு தளங்கள், அதாவது கல்வி நிறுவனத் தளங்கள் மட்டும் வரும், விளம்பரக் கட்டுரைகள் பெரும்பாலும் காணாமல் போகும்.

இது பலிப்பதற்குக் காரணம், முகவரியின் சில வால்களை எல்லோரும் வாங்க முடியாது என்பதுதான். டாட் கவ் அமெரிக்க அரசு அமைப்புகளுக்கு மட்டும். டாட் எடு 2001 முதல் அங்கீகாரம் பெற்ற அமெரிக்கக் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் (அதற்கு முன்பே வாங்கி வைத்திருந்த சிலரிடம் இன்னும் இருக்கிறது, அது வேறு கதை). மற்ற நாடுகளில் கவ் டாட் இன் (இந்திய அரசு), ஏசி டாட் யூகே (பிரிட்டன் கல்வி நிறுவனங்கள்) மாதிரி இரட்டை வால் இருக்கும்.

ஆனால் டாட் ஆர்க்கை நம்பி ஏமாறாதீர்கள். லாப நோக்கற்ற அமைப்புகளை மனதில் வைத்து வந்ததுதான், ஆனால் பணம் கட்டினால் யாரும் வாங்கலாம், கடை வைத்திருப்பவர் உட்பட. அதேபோல் டாட் காம் என்றாலே வியாபாரம் என்றும் இல்லை, எத்தனையோ பேர் சும்மா எழுதுவதற்கே வைத்திருக்கிறார்கள். அப்புறம், டாட் டிவி தொலைக்காட்சிக்கானது இல்லை, துவாலு என்ற குட்டித் தீவு நாட்டின் குறியீடு. அதிலிருந்து ஒன்றும் கணிக்க முடியாது.