அம்பாசடரின் ரேடியேட்டருக்கு எலக்ட்ரிக் ஃபேன்: ஒயரிங் செய்யும் முறை

அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினில், ரேடியேட்டர் ஃபேன் வாட்டர் பம்பின் முகப்பிலேயே அமர்ந்து பெல்ட்டின் இழுப்பில் சுழல்கிறது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஃபேனும் மெதுவாகவே சுற்றும் என்பதால், கல்லாறு தாண்டிக் குன்னூர் மலையில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஏறும்போதும், உச்சிவெயிலில் சிக்னலில் நிற்கும்போதும் ரேடியேட்டருக்குப் போதிய காற்று கிடைப்பதில்லை. எஞ்சினின் வேகத்தைச் சாராமல் ஒரே வேகத்தில் சுற்றும் எலக்ட்ரிக் ஃபேன் இந்தக் குறையைத் தீர்க்கும். ஆனால் ரேடியேட்டர் அடைத்துக்கொண்டோ, எஞ்சின் சூடானதும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்காமல் ஒட்டிக்கொண்டோ சூடேறும் வண்டியில் எந்த ஃபேனைப் போட்டும் பயனில்லை. அவற்றை முதலில் சரிசெய்துவிட வேண்டும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது சார்ஜிங். நடுத்தர அளவு ஃபேன் ஓடும்போது 10 முதல் 15 ஆம்பியர் வரை இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு கேட்கும். லூகாஸ் சி40 போன்ற பழைய டைனமோ நல்ல வேகத்தில் தருவதே 22 ஆம்பியர்தான், ஐட்லிங்கில் அதுவும் கிடையாது. ஆகவே டைனமோ உள்ள வண்டியில் ஆல்டர்னேட்டர் மாற்றாமல் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பழைய ஃபேனைக் கழற்றியபின், அதே போல்ட்டுகள்தான் புல்லியையும் பிடித்திருந்தன என்பதை மறக்காமல், நீளம் குறைந்த போல்ட்டுகளைப் போட்டு இறுக்க வேண்டும். புதிய ஃபேனை ரேடியேட்டருக்குப் பின்புறம், காற்றை உள்ளிழுக்கும் விதமாக, தகட்டுப் பட்டைகளில் பொருத்துவதே நல்லது. ரேடியேட்டரின் ஃபின்களுக்கு நடுவே பிளாஸ்டிக் டை செருகிக் கட்டும் வழக்கம் பரவலாக இருந்தாலும், அதிர்வில் அது குழாயை அறுத்துவிடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

ஒயரிங்கைத் தொடும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட வேண்டும். ஃபேனின் மின்சாரம் முழுவதையும் டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாகவோ, தண்ணீர் சூடானதும் தானே இணையும் தெர்மோ ஸ்விட்ச் வழியாகவோ நேரடியாக விடுவது அவற்றின் பாயிண்டைக் கருக்கிவிடும். எனவே சிறிய கரண்ட்டைக் கொண்டு பெரிய கரண்ட்டைப் போட்டு அணைக்கும் 40 ஆம்பியர் ரிலே ஒன்று கட்டாயம் வேண்டும். ரிலேயின் அடியில் உள்ள எண்களில் 30 பேட்டரியிலிருந்து வரும் பாசிட்டிவ், 87 ஃபேனுக்குப் போகும் ஒயர், 86 இக்னிஷன் போட்டால் மட்டும் உயிர்பெறும் பாசிட்டிவ், 85 தெர்மோ ஸ்விட்ச் வழியாக எர்த்துக்கு, அதாவது வண்டியின் பாடிக்குப் போகும் ஒயர். ரிலேயில் 87ஏ என்ற ஐந்தாவது கால் இருந்தால் அதை வெறுமனே விட்டுவிடலாம். 30-க்கு வரும் ஒயரைப் பேட்டரியிலிருந்தே எடுக்க வேண்டும். இக்னிஷன் லைனிலிருந்து எடுத்தால் சாவி ஸ்விட்ச் சூடேறுவதோடு, சாவியை அணைத்தபின்னும் சுற்றிக்கொண்டிருக்கும் ஃபேன் மோட்டார் டைனமோபோல் கரண்ட் கொடுத்து எஞ்சினைச் சற்று நேரம் நிற்கவிடாமல் செய்யக்கூடும்.

ஒயரின் தடிமனில் சிக்கனம் பார்க்கக் கூடாது. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 15 ஆம்பியர் மூன்று மீட்டர் ஓடினால் அரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைந்துபோகும். 4 சதுர மில்லிமீட்டரில் அந்த இழப்பு 0.2 வோல்ட் அளவில் அடங்கிவிடும். ஃபேனின் ஓட்ட ஆம்பியரைப்போல் ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்குக்குள், ஒயர் தாங்கும் அளவைத் தாண்டாத ஃப்யூஸைத் தேர்ந்தெடுத்து, பேட்டரி டெர்மினலிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வைக்க வேண்டும். ஏனெனில் பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் இடைப்பட்ட ஒயர் பாடியில் உரசினால் அதைக் காப்பாற்ற எதுவும் இல்லை. ரிலேயின் 86-க்கு வரும் மெல்லிய ஒயரில் தனியாக 5 ஆம்பியர் ஃப்யூஸ் போதும்.

எர்த் ஒயரும் பாசிட்டிவ் ஒயரின் அதே தடிமனில் இருக்க வேண்டும், ஏனெனில் போன மின்சாரம் முழுவதும் அதே வழியில்தான் திரும்புகிறது. என் வண்டியில் முதல் முறை ஃபேன் சோம்பலாகச் சுற்றியபோது மோட்டாரையே குறை சொன்னேன். மீட்டர் வைத்துப் பார்த்தால் பேட்டரியில் 13.8 வோல்ட், ஃபேனின் இரு முனைகளுக்கிடையே 11.2 வோல்ட் மட்டுமே இருந்தது. பெயின்ட்டின் மேலேயே எர்த் ஒயரின் முனை வளையமான லக்கைத் திருகியிருந்தேன். அந்த இடத்தை உப்புத்தாளால் பளபளக்கும்வரை தேய்த்து, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்கியதும் ஃபேனின் ஒலியே மாறிவிட்டது.

தெர்மோ ஸ்விட்சின் மேல் 92-87 என்று பொறித்திருந்தால், 92 டிகிரியில் ஃபேன் ஓடத் தொடங்கி 87 டிகிரியில் நிற்கும் என்று பொருள். அது அணையும் வெப்பநிலை தெர்மோஸ்டாட் திறக்கும் வெப்பநிலையைவிட உயர்வாக இல்லாவிட்டால் ஃபேன் ஓயாமல் ஓடும். 82 டிகிரி தெர்மோஸ்டாட்டுக்கு 92-87 பொருத்தமானது. பொருத்துமுன் ஸ்விட்சின் மரை முனையைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடாக்கி, மல்டிமீட்டர் எப்போது ஒலிக்கிறது என்று பார்த்துக்கொள்வது மிக நல்ல பழக்கம். ரேடியேட்டரில் இதற்கான துளை இல்லாவிட்டால், மேல் ஹோஸை வெட்டி நடுவில் மரையிட்ட அலுமினியக் குழாயைச் செருகலாம். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்: இருபுறமும் ரப்பர் ஹோஸ் இருப்பதால் அந்தக் குழாய்க்கு எர்த் கிடைக்காது, தன் மரை வழியாகவே எர்த் எடுக்கும் ஒற்றை டெர்மினல் ஸ்விட்ச் அதில் வேலை செய்யாது. குழாயிலிருந்து பாடிக்குத் தனி ஒயர் கொடுக்க வேண்டும், அல்லது இரண்டு டெர்மினல் ஸ்விட்ச் வாங்க வேண்டும். மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவதும் சில சமயம் எர்த்தைத் தடுக்கும் என்பதால், செம்பு வாஷரே போதுமானது.

85-லிருந்து இன்னொரு ஒயரை டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாக எர்த்துக்குக் கொண்டுவந்தால், தெர்மோ ஸ்விட்ச் பழுதானாலும் கையால் ஃபேனைப் போட்டு வீடு சேரலாம்.

எல்லாம் முடிந்தபின், கையையும் துணியையும் விலக்கிவிட்டு ஃபேனை ஓடவிட்டு, ரேடியேட்டரின் முன்புறம் ஒரு செய்தித்தாளைப் பிடிக்க வேண்டும். தாள் ஒட்டிக்கொண்டால் காற்றின் திசை சரி. தள்ளப்பட்டால் மோட்டாரின் இரண்டு ஒயர்களும் மாறியிருக்கின்றன. பிறகு ஃபேன் ஓடும்போதே பேட்டரி பாசிட்டிவுக்கும் ஃபேன் பாசிட்டிவுக்கும் இடையே மீட்டரை வைத்தால் 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. நெகட்டிவ் பக்கத்திலும் அவ்வாறே. ஒரு வாரம் ஓட்டியபின், ஃபேன் பத்து நிமிடம் ஓடியதும் வண்டியை அணைத்து, ஃப்யூஸ் ஹோல்டரையும் ரிலே சாக்கெட்டையும் தொட்டுப் பார்க்க வேண்டும். கை பொறுக்காத சூடு எங்கே தெரிகிறதோ அங்கே லக் ஒயரோடு சரியாக நசுக்கி இறுக்கப்படவில்லை (கிரிம்ப் ஆகவில்லை); அதை அன்றைக்கே வெட்டி மாற்றிவிட வேண்டும்.