ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வருக்குள் வந்தது யார்? லாக்கில் தேடும் முறை

நயினார்குளம் மார்க்கெட் பக்கம் ஒரு மொத்தக்கடை என்று வைத்துக்கொள்வோம். பில் சர்வரை வீட்டிலிருந்தே பார்க்க ரிமோட் டெஸ்க்டாப்பை நேராக இன்டர்நெட்டில் திறந்துவிட்டிருக்கிறார்கள். கேட்டால் "நம்ம கடைக்குள்ள எவன் வே வரப்போறான்" என்பார் அண்ணாச்சி. ஒருநாள் காலையில் பார்த்தால் யாரும் உருவாக்காத ஒரு யூசர் அட்மின் குரூப்பில் உட்கார்ந்திருக்கிறது.

நெட் கேபிளைப் பிடுங்குங்கள், மெஷினை அணைக்காதீர்கள். அடுத்து, தேட ஆரம்பிக்கும் முன்பே ஈவென்ட் வியூவரில் (விண்டோஸோடு வரும் லாக் பார்க்கும் கருவி) செக்யூரிட்டி லாக்கை (log, லாகின் போன்றவை பதிவாகும் ஏடு) முழுதாகச் சேமித்து ஒரு நகலைத் தனியாக வையுங்கள், ஏனென்றால் அந்த லாக் நிறைந்ததும் பழைய வரிகளின் மேலேயே எழுதிக்கொண்டு போகும். லாக்கில் ஒவ்வொரு வகை நிகழ்வுக்கும் ஒரு ஈவென்ட் ஐடி எண் உண்டு, அதில் 1102 இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் யாரோ லாக்கைத் துடைத்திருக்கிறார்கள்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? பலர் 4625-ஐ, அதாவது தோற்றுப்போன லாகின்களைத் தேடி, ஆயிரக்கணக்கில் வந்து விழுவதைப் பார்த்து மலைத்துப்போய் உட்கார்ந்துவிடுவார்கள். இன்டர்நெட்டில் திறந்து கிடக்கிற எந்த மெஷினிலும் அது இருக்கும், அதனால் உங்களுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. உறுதியாகத் தெரிந்த ஒன்றிலிருந்து பின்னோக்கிப் போங்கள். இங்கே தெரிந்தது அந்தப் புது யூசர். யூசர் உருவானால் 4720, குரூப்பில் சேர்த்தால் 4732. அந்த 4720-க்குள் உருவாக்கியவர் பெயரோடு லாகான் ஐடி என்று ஒரு எண் இருக்கும், அதே எண் உள்ள 4624-ஐ (வெற்றியான லாகின்) கண்டுபிடித்தால் நேரமும் பெரும்பாலும் ஐபி முகவரியும் கைக்கு வந்துவிடும். மெஷின் ரீஸ்டார்ட் ஆனால் இந்த எண்கள் திரும்பவும் வரலாம், ஆகவே இரண்டுக்கும் நடுவே ரீஸ்டார்ட் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐபி கிடைத்த பிறகுதான் 4625. அதே ஐபி எத்தனை நேரம் முட்டியது, எந்தப் பெயர்களில் முட்டியது என்று இப்போது கேட்டால் பதில் வரும். ரிமோட் டெஸ்க்டாப்தானே என்று லாகான் டைப் 10-ஐ (ரிமோட் டெஸ்க்டாப் லாகின்) மட்டும் வடிகட்டினால் ஏமாந்துபோவீர்கள், என்எல்ஏ (திரை வரும் முன்பே பாஸ்வேர்டு சரிபார்க்கும் வசதி) போட்ட மெஷினில் தோற்ற முயற்சிகள் டைப் 3 (நெட்வொர்க் லாகின்) ஆகத்தான் பதிவாகும்.

ஈவென்ட் வியூவரின் ஃபில்டர் பெட்டியில் ஐடிகளை கமா போட்டு அடிக்கலாம், வேண்டாததற்கு முன்னால் மைனஸ் குறி போட்டால் அது மறைந்துவிடும். ஆனால் அங்கே உள்ள யூசர் கட்டத்தை நம்பாதீர்கள், செக்யூரிட்டி லாக்கில் லாகின் செய்த பெயரை அது தேடாது. பெயர், ஐபி, லாகான் ஐடியை வைத்துத் தேட அதே ஃபில்டர் பெட்டியின் எக்ஸ்எம்எல் டேபில் (XML tab) எழுத வேண்டும், இல்லாவிட்டால் பவர்ஷெல் (விண்டோஸில் கட்டளை அடிக்கும் கருவி). பவர்ஷெல்லில் ஐடியையும் நேரத்தையும் Get-WinEvent கட்டளையின் ஃபில்டர் ஹேஷ்டேபிளுக்குள்ளேயே (FilterHashtable) கொடுத்துவிடுங்கள். எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டுவந்து அப்புறமாக வடிகட்டினால் டீ குடித்துவிட்டு வந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும்.

நேரத்தில் இன்னொரு சிக்கல். வியூவர் திரையில் மெஷினின் உள்ளூர் நேரத்தைக் காட்டும், எக்ஸ்எம்எல்லில் யூடிசி (உலகப் பொது நேரம்) இருக்கும், இரண்டுக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். ராத்திரி 2:10-க்கு நடந்தது அங்கே முந்தின நாள் 20:40 என்று இருக்கும், தேதியே மாறிவிடுகிறது பாருங்கள். ரௌட்டர் லாக்கோடு ஒப்பிடும்போது அது எந்த நேரத்தில் ஓடுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

செக்யூரிட்டி லாக்கில் பழையது அழிந்துபோயிருந்தால் விட்டுவிடாதீர்கள். ரிமோட் டெஸ்க்டாப் லாகின்களும் பதிவாகும் டெர்மினல் சர்வீசஸ் லோக்கல் செஷன் மேனேஜர் (TerminalServices-LocalSessionManager) என்று தனி லாக் ஒன்று உண்டு, அதில் ஈவென்ட் 21 பெயரோடும் ஐபியோடும் இருக்கும், அங்கே அவ்வளவு கூட்டம் இல்லாததால் பழையது நிறைய நாள் நிற்கும்.

லினக்ஸ் என்றால் உபுண்டுவில் ஆத் லாக் (auth.log), ரெட் ஹாட் வகையில் செக்யூர் (secure) என்ற ஃபைல். கிரெப் (grep, வரிகளைத் தேடும் கட்டளை) போட்டு "அக்செப்டட்" (Accepted) வரிகளை முதலில் எடுங்கள், "ஃபெய்ல்டு" (Failed) அப்புறம். சுருக்கி வைத்த பழைய ஜிஇசட் (.gz) ஃபைல்களுக்கு இசட்கிரெப் (zgrep).

உள்ளே வந்திருப்பது உறுதியானால் நேரம் கடத்தாதீர்கள். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் (CERT-In) 2022 ஏப்ரல் 28-ல் போட்ட உத்தரவுப்படி நிறுவனங்கள் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தகவல் சொல்ல வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும் வேண்டும். பேங்க் கணக்கிலிருந்து பணமும் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு போன் போடுங்கள்.