வடிவங்களில் கோணம்: எங்கே தவறுகிறோம்?

கோணத்தின் வகையைப் படத்தின் தோற்றத்தை வைத்தே சொல்லிவிடுவதுதான் பல தவறுகளுக்கும் ஆரம்பம். நீளமான கோடுகளால் வரைந்த 40 பாகை பெரிதாகத் தெரியும். குட்டைக் கோடுகளால் வரைந்த 70 பாகை சிறிதாகத் தெரியும். கோணத்தின் கைகள், அதாவது அந்த இரண்டு கோடுகள், எவ்வளவு விரிந்திருக்கின்றன என்பதை மட்டும் பாருங்கள்.

சாய்த்து வரைந்த படமும் இப்படித்தான் ஏமாற்றும். சதுரத்தை ஒரு முனையில் நிறுத்தி வரைந்தால், பலர் அதைச் சாய்சதுரம் (நான்கு பக்கமும் சமமான நாற்கரம்) என்பார்கள். அதில் தவறில்லை, சதுரமும் ஒரு சாய்சதுரம்தான். ஆனால் அதோடு நிற்காமல் அதன் கோணங்கள் 90 பாகை இல்லை என்றும் முடிவுகட்டுகிறார்கள். தாளை எப்படித் திருப்பினாலும் நான்கும் செங்கோணம்தான்.

கோணமானியில் எண்கள் இரண்டு வரிசையாக இருக்கும். 60 இருக்கும் இடத்திலேயே 120-உம் இருக்கும். அதனால் அளப்பதற்கு முன்பே குறுங்கோணமா (90 பாகைக்குக் குறைவு) விரிகோணமா (90 பாகைக்கு மேல்) என்று முடிவுசெய்துவிடுங்கள். குறுங்கோணம் என்றால் 120 விடையாகவே முடியாது. அப்புறம், பல கோணமானிகளில் 0 பாகைக் கோடு கீழ் விளிம்பில் இருக்காது, சற்று மேலே இருக்கும். விளிம்பைக் கோட்டோடு ஒட்டவைத்து அளந்தால் விடை சில பாகை தள்ளிப்போய்விடும்.

முக்கோணத்தில் ஒரு குறுங்கோணத்தைப் பார்த்ததும் 'குறுங்கோண முக்கோணம்' என்று எழுதக் கூடாது. எல்லா முக்கோணத்திலும் குறைந்தது இரண்டு குறுங்கோணம் இருக்கும். 20, 30, 130 என்ற முக்கோணத்திலும் இரண்டு உண்டு, ஆனாலும் அது விரிகோண முக்கோணம். மூன்றில் பெரிய கோணத்தைப் பார்த்துத்தான் பெயர் வைக்க வேண்டும்.

நன்றாகப் படிப்பவர்களே தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அறுங்கோணத்தின் உட்கோணங்களின் மொத்தத்தைக் கண்டுபிடிக்க அதை நடுவிலிருந்து பிரித்தால் 6 முக்கோணங்கள் வரும். 6 × 180 = 1080 என்று எழுதிவிடுவார்கள். நடுப்புள்ளியைச் சுற்றியுள்ள 360 பாகை அறுங்கோணத்தின் மூலைகளுக்குச் சொந்தமில்லை. அதைக் கழித்தால் 720. ஒரே மூலையிலிருந்து மூலைவிட்டங்கள் போட்டால் 4 முக்கோணங்கள்தான் கிடைக்கும், 4 × 180 = 720. இந்தச் சிக்கலே வராது. ஒழுங்கு அறுங்கோணமாக இருந்தால் ஒவ்வொரு மூலையும் 120 பாகை.

உட்கோணத்தை 360-இலிருந்து கழித்து வெளிக்கோணத்தைக் கண்டுபிடிப்பதும் தவறு. பக்கத்தை நீட்டினால் கிடைப்பதுதான் வெளிக்கோணம். சதுரத்துக்கு அது 90, 270 இல்லை.

அம்புமுனை போல உள்ளே குழிந்த நாற்கரத்தில் குழிந்த மூலையை வெளிப்பக்கமாக அளந்துவிடுகிறோம். மற்ற கோணங்கள் 30, 60, 30 என்றால் வெளியே 120 வரும், மொத்தம் 240 ஆகும். நாற்கரத்துக்கு 360 வேண்டும். உள்ளே இருப்பது 240 பாகை பின்வளைகோணம் (180 பாகைக்கு மேற்பட்ட கோணம்). அதைச் சேர்த்தால் கணக்கு சரியாக வரும்.