போலீஸ் சான்றிதழைக் கடைசியில் எடுங்கள்

வியட்நாமுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள் டிகிரி சான்றிதழின் அட்டெஸ்டேஷனை (அது உண்மையானது என்று முத்திரை வாங்குவதை) முதலில் முடித்துவிட்டு, போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழை (பிசிசி) கடைசியில் எடுங்கள். நிறையப் பேர் பிசிசி சுலபம் என்று அதைத்தான் முதலில் வாங்குகிறார்கள். அங்கே ஒர்க் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கும்போது பிசிசி வழங்கப்பட்டு 6 மாதத்துக்குள் இருக்க வேண்டும், டிகிரிக்கு அப்படிக் கெடு கிடையாது, ஆனால் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், வியட்நாம் தூதரகம் என்று ஒவ்வொரு இடமாக முத்திரை வாங்குவதற்குள் வாரக்கணக்கில் ஓடிவிடும். அதற்குள் பிசிசி காலாவதியானால் பாஸ்போர்ட் சேவாவில் மறுபடி 500 ரூபாய், அப்புறம் அதற்கும் முதலிலிருந்து முத்திரை, வீண் செலவுதானே. ஏற்கெனவே வியட்நாமில் வசிப்பவர்களுக்கு இது பொருந்தாது, அவர்கள் பிசிசிக்குப் பதில் அங்கேயே குற்றப்பதிவுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம்.