முசிறிக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்

கொச்சி விமான நிலையத்தில் இறங்கும் நம்மவர்கள் நேரே மூணாறுக்கோ ஆலப்புழைப் படகு வீட்டுக்கோ வண்டி ஏறிவிடுகிறார்கள். கையில் ஒரு நாள் இருந்தால் மேற்கே பரவூர், கொடுங்கல்லூர் பக்கம் திரும்புங்கள். சேரர்களின் முசிறித் துறைமுகம் இந்தப் பெரியாற்றுக் கழிமுகத்தில்தான் இருந்தது. யவனர் (கிரேக்க, ரோமானிய வணிகர்) கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றின் 149ஆம் பாட்டு சொல்கிறது.

முதலில் பரவூரை ஒட்டிய பட்டணம் என்ற சிற்றூர். 2007இல் தொடங்கிய அகழாய்வில் ரோமானியச் சாடிகளின் ஓடுகள், செங்கல் கட்டுமானம், ஒரே மரத்தில் குடைந்த தோணி எல்லாம் இங்கே கிடைத்தன. இதுதான் முசிறியா என்ற வாதம் ஆய்வாளர்களிடையே இன்னும் ஓயவில்லை. ஹம்பி மாதிரி இடிபாடுகளை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். கண்ணில் படுவது தென்னையும் வீடுகளும். அரை மணி நேரம் போதும்.

மிச்ச நேரத்தைத் தண்ணீரில் செலவிடுங்கள். முசிறிப் பாரம்பரியத் திட்டத்தின் படகுகள் பரவூர், சேந்தமங்கலம், கோட்டப்புறம் துறைகளை இணைக்கின்றன. நேரத்தை முந்தின நாளே விசாரித்துக்கொள்வது நல்லது. கப்பலில் வந்த பொன்னைக் கழித்தோணிகள் கரை சேர்த்தன என்கிறது புறநானூறு 343. அந்தக் காட்சி காரில் போனால் பிடிபடாது. வழியில் பழைய யூத ஜெபாலயங்களும், போர்த்துக்கீசியர் 1523இல் கட்டிய கோட்டையின் மிச்சமும் உண்டு.

கொடுங்கல்லூர் பகவதியைக் கண்ணகியாகவே பலர் வணங்குகிறார்கள். சேரன் செங்குட்டுவன் எடுத்த கண்ணகி விழாவுக்கு இலங்கை மன்னன் கயவாகு வந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்வதால், கண்ணகி அம்மனைக் கும்பிடும் மட்டக்களப்புப் பக்கத்தவருக்கு இந்தக் கோயில் கொஞ்சம் கூடுதல் நெருக்கம். பங்குனியில் வரும் பரணி விழா நாட்களில் மட்டும் குழந்தைகளோடு போக வேண்டாம். கூட்டமும் அதிகம், பாட்டுகளும் ஒரு மாதிரி இருக்கும்.

1341 பெருவெள்ளத்தில் முசிறி தூர்ந்து கொச்சித் துறை திறந்தது என்பார்கள். அதனால் கொச்சியின் பழைய வணிகப் பகுதியான மட்டாஞ்சேரியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அரண்மனைக்கு வெள்ளிக்கிழமையும், 1568இல் கட்டிய ஜெபாலயத்துக்குச் சனிக்கிழமையும் விடுமுறை. மிளகை ஜெபாலயத் தெருவின் கடைகளில் வாங்காமல் பஜார் ரோட்டு மொத்தக் கடைகளில் விலை கேளுங்கள். அப்புறம், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து திரும்புகிறவர்கள் அந்தப் பொட்டலத்தை வருகைப் படிவத்தில் கட்டாயம் குறிப்பிட வேண்டும். மறைத்தால் அபராதம் கட்ட நேரிடும்.